வண்டிப்பாதைக்குக் கீழே நான்கு ரப்பர் இணைப்புகள்

வாசிக்கப் போகிறவர்களிடம் முதலில் ஒரு மன்றாட்டம். இதை எங்கள் ஊரில் யாருக்கும் காட்ட வேண்டாம். அச்செடுத்து வைக்க வேண்டாம். எழுதியது யார் என்று ஊகித்தாலும் வீதியில் கண்டு கேட்க வேண்டாம். முன்பு இதே வலைப்பதிவில் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனதைப் பற்றி எழுதினேன். அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இதில் இருக்கிறது. அப்பாவின் அடையாள அட்டை இன்று பின்னேரத்திலிருந்து ஒரு சோதனைச்சாவடியில் கிடக்கிறது. அட்டை இல்லாத ஆண் எங்கள் ஊரில் சந்திக் கடைக்குக்கூடப் போக முடியாது. நாளை காலை எட்டு மணிக்கு அப்பா அங்கே போய் நிற்க வேண்டும். போனால் இராணுவத்தார் அவரைத் திருப்பி அனுப்புவார்களா என்று தெரியவில்லை.

அப்படியானால் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். புல்மோட்டை வீதியோரம் தோட்டம் செய்கிறவர்களுக்கு நகரத்தில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். மண்ணைக் காயவைக்கும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோட்டத்துக் குழாய் உடைந்தால் அந்தச் சொந்தக்காரர் எங்களைப் போலவே சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறத்தான் போகிறார்கள். நாங்கள் எங்கே பிழை விட்டோம் என்று தெரிந்தால் அவர்கள் அதே பிழையை விடாமல் இருக்கலாம். வழக்கம் போல கொழும்பு மச்சாள் தட்டச்சு செய்து வலைப்பதிவில் ஏற்றுவாள். நான் நுளம்பு வலைக்குள் ரோச் லைற் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது.

பயணத்தின் காரணம் வெங்காயம். அம்மாவின் தம்பி குணம் மாமா நிலாவெளியைத் தாண்டி, இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறார். கிணறும் இறைக்கிற மெசினும் ஒரு பக்கம், வெங்காயப் பாத்திகள் மறுபக்கம். நடுவில் ஒரு மண் வண்டிப்பாதை. பாதைக்குக் கீழே இரண்டரை அங்குல பிளாஸ்ரிக் குழாய் புதைத்துத்தான் தண்ணீர் போகிறது. மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் போன காலத்தில் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஆமியின் கனமான வாகனங்கள் அந்தப் பாதையால் போகின்றன. மணல் நிலம் சக்கரத்தடத்தில் கீழே இறங்க, குழாயும் கூடவே இறங்கி, இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

மாமா தொலைபேசியில் சொன்னார்: "அத்தான், ரெண்டு தரம் சொக்கட் போட்டு ஒட்டினனான். ரெண்டு தரமும் வாகனம் போனோடனை டப்பெண்டு வெடிச்சுப் போச்சு. இந்தக் காத்துக்கு இன்னும் ஒரு கிழமை தண்ணி இல்லையெண்டா வெங்காயத்தை மாட்டுக்குத்தான் போடவேணும்."

அப்பா குழாய் பொருத்தும் வேலை செய்கிறவர். ஒரு திணைக்களத்தில் இருபது வருடமாக பிற்றர். மாமா சொன்னதைக் கேட்டதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "முறிஞ்ச ரெண்டு நுனியும் நேர்ல நிக்குதோ?" என்பதுதான். இல்லை, ஒன்று மற்றதைவிட நாலு விரல் கீழே நிற்கிறது என்றார் மாமா. "அப்ப அதை நிமித்தாதை. நாங்கள் வாறம்," என்று அப்பா போனை வைத்தார்.

நிலம் திரும்பவும் இறங்கும். குழாயை இழுத்து நேராக்கி ஒட்டினால் அது திரும்பவும் முறியும். ஆகவே இணைப்பு வளைந்து கொடுக்க வேண்டும். அதற்கு அப்பா தேடியது லொறி ரேடியேட்டரில் வரும் தடித்த ரப்பர் ஹோஸ். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் சைக்கிளில் கண்டி வீதியால், கப்பல்துறைக்கு இந்தப் பக்கமிருக்கும் ரபீக் நானாவின் கராஜுக்குப் போனோம். நானா கிண்ணியாக்காரர், அந்தப் பக்கம் அண்ணனை நானா என்பார்கள். லொறிக்குக் கீழே படுத்தபடியே கதைத்தார்.

"எந்த லொறிக்கு?"

"லொறிக்கில்லை நானா, வெங்காயத்துக்கு."

நானா வெளியே வந்து அப்பாவைப் பார்த்தார். "வெங்காயத்துக்கு ரேடியேட்டர் ஹோஸா? எஞ்சின் வெச்ச வெங்காயமா நடுறீங்க?"

அப்பா நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டினார். ஒரு முறிவுக்கு ஒரு ரப்பர் போட்டால் நாலு விரல் வித்தியாசத்தில் ரப்பர் மடிந்துவிடும், தண்ணீர் போகாது. ஆகவே நடுவில் ஒரு முழக் குழாய்த் துண்டு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர். துண்டு சரிந்து நிற்கும். ஒவ்வொரு ரப்பரும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். இரண்டு முறிவுக்கு நாலு ரப்பர், எட்டு இரும்புக் கிளிப்.

"சரிதான்," என்றார் நானா. "கிளிப் புதுசு ஏழுதான் கெடக்கு. ஒண்டு பழசு தாறன். ஆனா ஒண்டு கேக்கிறன், இத சென்றியில, சோதிக்கிற எடத்துல, என்னெண்டு காட்டுவீங்க?"

"உள்ளதைச் சொல்லுவன்."

"உள்ளதச் சொன்னா ஆரு நம்புறாங்க," என்று சொல்லிவிட்டு நானா திரும்பவும் லொறிக்குக் கீழே போனார். எல்லாமாக அறுநூறு ரூபாய். வெளியில் புதிது வாங்கினால் இரண்டு மடங்கு.

இன்று சனிக்கிழமை காலை ஆறரைக்கு நிலாவெளி பஸ் எடுத்தோம். நான் போனதற்குக் காரணம் அம்மா. ஆண் தனியே சாமானோடு போனால் கேள்வி கூட, பெண்பிள்ளை ஒன்று கூட நின்றால் குறைவு என்பது அம்மாவின் கணக்கு. சனிக்கிழமை என்றாலும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் போடச் சொன்னா. எனக்குச் சிங்களம் இரண்டாம் மொழிப் பாடத்தில் எப்போதும் நல்ல புள்ளி. அதுவும் உதவும் என்று நினைத்தா.

நகர எல்லைச் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். காலையில் அங்கே நின்ற ஆமிக்காரர் ரப்பர் ஒன்றை எடுத்து அதற்குள்ளால் வானத்தைப் பார்த்தார். பிறகு அதற்குள்ளாலேயே என்னைப் பார்த்தார். நான் "வத்துர, வத்துர" என்றேன். தண்ணீர் என்று அர்த்தம். வெங்காயத்துக்கும் சிங்களச் சொல் தெரிந்திருந்தது, அதையும் சொன்னேன். ரப்பர் நாலு, இரும்பு வளையம் எட்டு, குழாய்த் துண்டு இரண்டு என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போகச் சொன்னார். அப்பா என் தலையைத் தட்டினார். அந்த இடத்திலிருந்து இறங்கும் இடம் வரை எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது.

பஸ் ஒரு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய், தூரம் பதினைந்து கிலோமீற்றர் அளவில். சோதனை இல்லாவிட்டால் அரை மணித்தியாலம். எங்களுக்கு ஒன்றரை எடுத்தது. கடல் வலது பக்கம் வரும். வெயில் ஏறுவதற்கு முன் அந்தப் பக்க யன்னல் நல்லது.

மாமாவின் வீடு வீதியிலிருந்து உள்ளே பத்து நிமிட நடை. படலையைத் தொடுவதற்கு முன்பே அப்பா, "குணம், நான்தான், அத்தான்!" என்று சத்தம் போட்டார். வெளியூரார் வாசிப்பதால் சொல்கிறேன்: இப்போது எங்கள் பக்கம் யாரும் சும்மா கதவைத் தட்டுவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தட்டுவோம், அல்லது கூப்பிட்டுக்கொண்டே தட்டுவோம். உள்ளே இருப்பவர்களுக்கு நெஞ்சிடி வராமல் இருக்க. நீங்கள் யார் வீட்டுக்குப் போனாலும் இதைச் செய்யுங்கள்.

மாமா ஏற்கெனவே பக்கத்துச் சிறிய காவலரணில் போய்ச் சொல்லியிருந்தார். ஆமி வாகனங்கள் போகும் பாதையில் சொல்லாமல் மண்வெட்டி வைப்பது நடக்கிற காரியமில்லை, கண்ணிவெடிப் பயம். அங்கிருந்து ஒரு இளம் சிப்பாய் துவக்கோடு வந்து, வரம்பில் குந்தி, வேலையைப் பார்த்தான். மாமி கொடுத்த மாங்காயை உப்புத் தொட்டுத் தின்றான். பொலன்னறுவைப் பக்கம் வயல்காரக் குடும்பமாம். தன் தகப்பன் குழாய் உடைந்தால் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டுவார் என்றும், அது எப்போதும் ஒழுகும் என்றும், தாய் அதற்கு ஏசுவா என்றும் சிங்களத்தில் சொன்னான். நான் தமிழில் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மத்தியான லொறியில் தான் லீவில் வீட்டுக்குப் போவதாகவும் சொன்னான். அதை இரண்டு தரம் சொன்னான்.

இனி வேலை. முறிந்த இடத்தைக் கண்டுபிடிக்க அப்பா முழுப் பாதையையும் வெட்டவில்லை. மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எங்கே மண் ஈரமாகிறது என்று பார்த்தார். இரண்டு சக்கரத்தடத்திலும் ஈரம் கண்டது. அந்த இரண்டு இடத்தில் மட்டும் இடுப்பளவுக்கு வெட்டினார்கள். குழி வெட்டும்போது அலவாங்கு, அதாவது கடப்பாரை, பாவிக்க வேண்டாம், நல்ல குழாயும் உடைந்துவிடும். மண்வெட்டியும் கடைசியில் கையும்தான்.

முறிந்த பகுதியைக் குழாய் அறுக்கும் வாளால் நேராக அறுத்து எடுத்தார்கள். அறுத்த நுனியை அரத்தாளால் தேய்ப்பது என் வேலை. கூர் இருந்தால் ரப்பரை உள்ளேயிருந்து வெட்டிவிடும். பிறகு நுனியில் சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். எண்ணெய் பூசக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். ரப்பரை முழுதாக ஒரு குழாயில் ஏற்றி, நடுத் துண்டைக் கொண்டுவந்து வைத்து, ரப்பரைத் திருப்பி இழுத்து இரண்டிலும் பாதி பாதி இருக்கும்படி விட வேண்டும். பாதி எது என்று பிறகு தெரியாது. ஆகவே முன்பே பென்சிலால் கோடு போட்டேன்.

"இழு பிள்ளை, இழு," என்றார் மாமா. "படிக்கிற பிள்ளையெண்டு மெல்ல இழுக்கிறியோ?"

"மாமா இழுத்தது ரெண்டு தரம் வெடிச்சுது," என்றேன்.

"பாருங்கோ அத்தான், உங்கடை மகளின்ரை வாயை!"

"வாய் தாய் வீட்டுச் சொத்து," என்றார் அப்பா. குழிக்குள் நின்று கிளிப்பை இறுக்கிக்கொண்டிருந்தபடியால் முகம் தெரியவில்லை.

ஒரு கிளிப்பை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகக் கூடாது. மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. கிளிப்புக்கு நேர் கீழே மண்ணைக் கையளவு தோண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே பாரம் வரும்போது கிளிப்பே ரப்பரை வெட்டும். மூடுவதற்கு முன் மெசினைப் போட்டுப் பார்த்தோம். அப்பா ஸ்குரூ டிரைவரின் பிடியால் குழாயைத் தட்டிக்கொண்டே போனார். வெறுங்குழாய் டொக் டொக்கென்று கேட்கும். தண்ணீர் நிரம்பியதும் சத்தம் அமுங்கிவிடும். நாலு இணைப்பிலும் அமுங்கிய சத்தம். பழைய கிளிப் போட்ட மூன்றாவது இணைப்பில் மட்டும் ஒரு துளி வந்து நின்றது. அப்பா அதை இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். மறுபக்கத்தில் மாமி, "வருது, வருது!" என்று கத்தியது கேட்டது. பாத்தியில் தண்ணீர் ஓடிய இடத்தில் கொக்குகள் உடனே வந்துவிட்டன.

அப்பாவுக்கு ஒரு இரவு திறந்து வைத்துப் பார்க்க விருப்பம். ஆனால் ஆமி வாகனம் போகும் பாதையில் குழி கிடக்க முடியாது. சுற்றிவர கல் இல்லாத மணலைப் போட்டு, மேலே பழைய மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து மூடினோம். சிப்பாய் எழுந்து வந்து தானும் இரண்டு மிதி மிதித்துவிட்டு லீவு லொறிக்குப் போனான்.

இப்போது பிழைக்கு வருகிறேன். அப்பாவின் வேலைத்தலத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த பழைய துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் களஞ்சியத்தில் புதியது தருவார்கள். இருபது வருடமாக அப்பா பழைய துண்டு இல்லாமல் எந்த வேலையிலிருந்தும் திரும்பியதில்லை. இங்கே களஞ்சியமும் இல்லை, யாரும் கேட்கப் போவதுமில்லை. என்றாலும் அறுத்து எடுத்த இரண்டு முறிந்த குழாய்களையும் கழுவாமல் பையில் வைத்தார். "ஏன் அத்தான் இந்தக் குப்பை?" என்று மாமா கேட்டதற்கு, "கிடக்கட்டும்," என்றார். யோசித்துச் செய்ததில்லை. கை தானாக எடுத்து வைத்தது.

பின்னேரம் சோதனைச்சாவடியில் காலையில் நின்றவர் இல்லை. வேறு ஒருவர், வயது கூட. கொப்பியைப் பார்த்தார். போகும்போது ரப்பர் நாலு, வளையம் எட்டு, புதுக் குழாய் இரண்டு. திரும்பி வரும் பையில் அவை ஒன்றும் இல்லை. பதிலாகச் சேறு பிடித்த, நுனி வெடித்த இரண்டு குழாய். அவர் ஒரு குழாயை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"ரப்பர் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்பாவுக்கு வேலைத்தலத்துச் சிங்களம் நன்றாக வரும். பயந்தால் ஒரு சொல்லும் வராது. காலையில் என் சிங்களம் வேலை செய்தது என்ற நினைப்பில் நான் முந்திக்கொண்டேன்.

"பாதைக்குக் கீழே புதைத்துவிட்டோம்," என்றேன்.

அவர் கொப்பியை மூடினார். "எந்தப் பாதை?"

எந்தப் பாதை என்று அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, "உங்கள் வாகனங்கள் போகிற பாதை," என்றேன்.

இரண்டு வசனமும் உண்மை. இலக்கணப் பிழையும் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவை ஒரு பக்கமும் என்னை மறுபக்கமும் நிற்கச் சொன்னார்கள். குழாய், தண்ணீர், வெங்காயம் எல்லாம் திரும்பச் சொன்னேன். இந்த முறை சொற்கள் ஒழுங்கில் வரவில்லை. ஒரு சிப்பாய் வந்து பார்த்தான், தானும் மிதித்தான் என்றேன். வயர்லெஸில் அந்தக் காவலரணைக் கேட்டார்கள். அங்கே புதிதாக வந்தவர்கள், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். பார்த்தவன் பொலன்னறுவைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

பஸ் எங்களுக்காக நின்றது. கண்டக்டர் மட்டும் கிட்ட வந்து, "பிள்ளை, இனி ஒண்டும் கதையாதை, சும்மா நில்," என்றார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் அட்டையையும் முறிந்த குழாய்களையும் வைத்துக்கொண்டு விலாசத்தை எழுதிக்கொண்டார்கள். நாளை எட்டு மணிக்கு வர வேண்டும், கூட்டிக்கொண்டு போய்ப் பாதையை வெட்டிப் பார்ப்போம் என்றார்கள். அட்டை இல்லாமல் வீடு வரும் வரை அப்பா பஸ்ஸில் தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டில் அம்மா என்னை ஏசவில்லை. அப்பாவின் சாரம் ஒன்றையும் சேட் ஒன்றையும் மடித்துப் பையில் வைத்தா. அப்பா அதைக் கண்டு, "வெட்டிக் காட்டப் போறனப்பா, வெளிநாட்டுக்கே போறன்?" என்றார். பிறகு என்னிடம், "நீ உண்மையைத்தானே சொன்னனி," என்றார். படுக்கப் போகும்போது, "அந்த மூண்டாவது இணைப்பில கிளிப் பழசு. நாளைக்கு வெட்டினா அதையும் ஒருக்கா இறுக்கிப் போடலாம்," என்றார்.

இந்த வீதியில் சாமானோடு போக இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலையை நிலம் இடம் கொடுக்கும் முறையில் செய்யுங்கள். குழாய் கோணினால் கோணலாகவே விட்டு இரண்டு ரப்பரால் பிடியுங்கள், அது நிற்கும். போகும்போது கொப்பியில் எழுதினால், எங்கே எதற்குப் பூட்டப் போகிறோம் என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பழைய துண்டு எதையும் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், என்ன வழக்கம் இருந்தாலும். வேலையைப் பார்க்க யாராவது வந்தால் அவர் பெயரைக் கேட்டு வையுங்கள். அவர் போவதற்கு முன் அவரைக் கொண்டே காவலரணில் சொல்லச் செய்யுங்கள். திரும்பி வரும்போது கேட்டால், பூட்டினோம், தண்ணீர் ஓடுகிறது, வந்து பாருங்கள் என்று தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார், சேட் போடுகிற சத்தம் கேட்கிறது. அம்மா, "ஆர்?" என்று கேட்கிறா. திரும்பவும் தட்டுகிறார்கள். பெயர் சொல்லவில்லை